தலைதீபாவளிக்குக் குடுத்த கன்

சித்த காலை நகத்திக்குங்க தம்பி, பொட்டி இடிக்குது. மேல வெக்க முடியாதுங்க, அந்தக் கம்பி தாங்காது. கண்டக்டரு ஏறும்போதே மொகரையச் சுளிச்சான். "என்னங்க இது, பொணப்பொட்டியாட்டம்"ங்கறான். நல்ல காரியத்துக்குப் போற மனுசன்கிட்டப் பேசற பேச்சாங்க அது? கருமம். பொழுதுக்கும் ஜனங்களோட நிக்கறவனுக்கு நாக்குல ஒரு சுத்தம் வேண்டாமா.

உள்ள என்னன்னுதான பாக்கறீங்க. நீங்க கேக்கலீன்னாலும் உங்க கண்ணு கேக்குது. கன்னுங்க இது. சுடற கன் இல்ல. லாரிச் சக்கரத்துல பெரிய பெரிய நட்டு இருக்குதில்ல, அதைக் கழட்டறதுக்கும் முடுக்கறதுக்கும். வித்தவன் இம்பாக்ட் ரெஞ்சுங்கறான். டைருக் கடைக்காரங்க அத்தன பேரும் கன்னுங்கறாங்க. வெச்சு அமுத்துனா டர்ர்ருனு சத்தம் போடும், நட்டு வந்துரும். அவ்வளவுதான் வெசயம். அதுக்குள்ளாற என்ற குடும்பமே மாட்டிக்கிட்டு நிக்குது.

நான் மோகனூர்ப் பக்கமுங்க. கோழிப்பண்ணை சென்னியப்பன்னு கேட்டாச் சொல்லுவாங்க. காலைலயே சேலம் போயி இதை வாங்கிட்டு, இப்பப் புதுச்சத்திரம் தாண்டி எறங்கணும். அங்கதான் என்ற பொண்ணு தாரணியக் கட்டிக் குடுத்திருக்குது. ஒரே பொண்ணு. இது ஒம்பதாவது மாசம். தலைப்பெரசவத்துக்கு இன்னிக்கு எங்கூட்டுக்குக் கூட்டிட்டு வரணும். எங்கூட்டுக்காரி சம்பூரணம் கார் எடுத்துக்கிட்டு நேரா அங்க போயிட்டா. நான் இந்தப் பொட்டியோட போயிச் சேந்துக்கறேன்னு சொல்லியிருக்கறன். பொண்ணு கார்ல ஏறுவாளா, மாட்டாளாங்கறதுதான் ஒரு மாசமா எங்கூட்ல பேச்சு. ஏறோணும். தலைப்பெரசவத்துக்குப் பொண்ணு அப்பன் ஊட்டுக்கு வல்லீன்னா, ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடமாடறது.

ஏனுங்க, மூக்கப் பொத்தறீங்க? ஓ, இதுங்களா. பண்ணைக்குப் போயிட்டு அப்பிடியே வந்துட்டன், வேட்டில ஒட்டிக்கிட்டிருக்கும். அது கோழி வாசமுங்க, ஒண்ணும் பண்ணாது. எங்களுக்கெல்லாம் அது லட்சுமி. நாத்தம்னா என்னன்னு தெரியோணும்னா மாப்பிள்ள கடைக்கு வாங்க. பழைய ரப்பரு, கிரீசு, எரிஞ்ச டைரு. உள்ள போனா எனக்கு ஓங்கரிக்கும். அதுக்குள்ள உக்காந்துக்கிட்டு என்ற பொண்ணு தயிர்ச்சோறு சாப்படறா. சாப்புட்டுட்டுச் சிரிக்கறா வேற. பெத்த வயிறு என்ன பாடு படும்னு நீங்களே சொல்லுங்க.

தரகன் பண்ண வேலைங்க இது. "பையன் டைரு பிசினஸ்"னான். டைரு பிசினஸ்னா நான் என்னத்த நெனப்பன்? பெரிய கம்பெனியாட்டம் ஏஜென்சி, கண்ணாடிக் கதவு, ஏசின்னு நெனச்சன். பையனும் டிப்ளமா படிச்சவரு, பேரு பூபதி, ஜாதகமும் கூடி வந்துது. நிச்சயம் முடிஞ்சதுக்கு அப்பறம் போயிப் பாத்தா ரோட்டோரமா தகரக் கொட்டாய். வாசல்ல டைரை அடுக்கி வெச்சு அதுமேல சுண்ணாம்புல பேரு எழுதியிருக்குது. தரகனைக் கூப்புட்டு ரெண்டு அறை உடலாம்னு போனன். சம்பூரணம் புடிச்சுக்கிட்டா. தாரணியும், "எனக்கு அவரைப் புடிச்சிருக்குதுப்பா"ன்னு சொல்லிட்டா. சரி, எழவுன்னு உட்டுட்டன். உட்டுட்டன்னா மனசுல இருந்து உட்டுட்டன்னு அர்த்தம் இல்ல, வாயால உட்டுட்டன்.

தலைதீபாவளி வந்துதுங்க. எங்க சகலை, அதாவது சம்பூரணத்தோட தங்கச்சி புருசன், கோயமுத்தூருல இருக்கறான். அவன் முந்தின வருசம் அவன் மருமகனுக்குக் கார் வாங்கிக் குடுத்தான். குடுத்துட்டுக் கம்முனு இருந்தானா? சாவி குடுக்கறதைப் போட்டோ புடிச்சு ஒறம்பரை ஒருத்தரு பாக்கி இல்லாம அனுப்பிச்சான். பாத்தாலே குமட்டற போட்டோ, பல்லைக் காட்டிக்கிட்டு. நான் அதுக்குக் கொறைஞ்சவனா ஆவ முடியுமா. மாப்பிள்ளையக் கேட்டன், "என்ன வேணுமுங்க மாப்பிள்ள, தயங்காமக் கேளுங்க"ன்னு. "ஒண்ணும் வேண்டாமுங்க மாமா"ன்னாரு. அப்பிடித்தான் சொல்லுவாங்க, நாமதான் திருப்பிக் கேக்கோணும். தாரணிய உட்டுக் கேக்கச் சொன்னன்.

அதுக்கு வந்த பதிலைக் கேளுங்க. சொல்லவே நாக் கூசுது. பேட்டரில ஓடற கன் ஒண்ணு, சின்னதா, நட்டுப் பக்கம் மாட்டற மொனை முக்கா இஞ்சு இருந்தாப் போதுமாம். ரோட்டுல எங்கியாவது லாரி பஞ்சராயி நின்னா இவரு பைக்குல போயிக் கழட்டிக் குடுக்கறாரு. கடைல இருக்கற கன் காத்துல ஓடறது, ரோட்டுல கம்ப்ரஸருக்கு எங்க போறது, பேட்டரின்னா பைல போட்டுக்கலாம், கையும் நோவாது. அப்பிடின்னு தாரணி ஒப்பிக்கறா. அவுளுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குது பாருங்க. பிகாம் படிச்ச பொண்ணு முக்கா இஞ்சுங்கறா.

பேட்டரிங்க. கொழந்தைக வெச்சு வெளயாடறது பேட்டரி. அதையா தலைதீபாவளிக்குத் தாம்பாளத்துல வெச்சு எடுத்துக்கிட்டுப் போறது? பைல போட்டுக்கற சாமானை நாலு பேரு முன்னால எப்பிடிக் குடுக்கறது? மாப்பிள்ள கூச்சத்துல கம்மியாக் கேக்கறாரு, நாமதான் புரிஞ்சுக்கோணும்னு நெனச்சுக்கிட்டுச் சேலம் போனன்.

அந்தக் கடைக்காரன் இருக்கறானே, அவன் ஒரு பெரிய மேதாவி. உள்ள போயி உக்காந்து, "லாரி நட்டு கழட்டற கன் வேணும், நல்லதா எடு"ன்னேன். எடுக்கறானா? கேள்வி கேக்கறான். எந்த வண்டிக்குங்க, எத்தன எச்பி கம்ப்ரஸரு, ஓஸு என்ன தடிமன், ஒரே எடத்துல வேலையா, வெளிய தூக்கிட்டுப் போவணுமா. ஏப்பா, நான் பொண்ணையே குடுத்துட்டன், அப்பக்கூட இத்தன கேள்வி கேக்கலைன்னேன். "வேல செய்யறவங்களக் கூட்டிட்டு வந்தீங்கன்னா நல்லதுங்க, கைக்கு ஒத்து வருதான்னு பாத்துக்கலாம்"ங்கறான். மாப்பிள்ளைக்குச் சீர் வாங்கறதுக்கு மாப்பிள்ளையவே கூட்டிட்டு வர்றதா? எந்த ஊருலயாவது அந்தக் கேவலம் உண்டுங்களா.

வரிசையா எடுத்து வெக்கச் சொன்னன். ஒண்ணொண்ணாத் தூக்கிப் பாத்தன். கோழி வாங்க வர்றவன் என்ன பண்றான், தூக்கிப் பாக்கறான் இல்ல? எது கனமோ அதுல கறி இருக்கும். கடைசியா ஒண்ணு இருந்துது, முழங்கை நீளத்துக்கு மூக்கு, ரெண்டு கைப்புடி, ஒரு இஞ்சு. தூக்குனா இடுப்பு புடிச்சுக்குது. அதையக் கட்டுன்னேன். "இது பெரிய டிப்பரு, மண்ணு அள்ற மிசினு அதுக்கெல்லாம் போடறதுங்க, ரோட்டு லாரிக்கு இத்தன வேகம் போட்டா மரை தாங்காது"ன்னான். அதுக்கு மேல அவனோட பேசறதுக்கு எனக்கு வெறுப்பாயிருச்சு. விக்க உக்காந்தவன் வேண்டாங்கறான்னா அவன் என்ன யாவாரி.

தீபாவளி அன்னிக்குத் தாம்பாளத்துல வெச்சு, மல்லியப்பூச் சுத்தி, சந்தனம் குங்குமம் வெச்சுக் குடுத்தன். தாம்பாளம் வளைஞ்சுருச்சு. ஒறம்பரை எல்லாம் எந்திரிச்சு வந்து பாத்துது. சகலையும் வந்து தொட்டுப் பாத்தான். போட்டோ புடிச்சன். மாப்பிள்ள ரெண்டு கையாலயும் வாங்கி, "ரொம்பப் பெருசுங்க மாமா"ன்னாரு. அப்ப எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சுங்க. தாரணி அவரு மொகத்தப் பாத்தா, அவரு தாரணி மொகத்தப் பாத்தாரு. புதுசாக் கட்டுனவங்க, பாத்துக்குவாங்க.

அப்பறம் ஒரு மாசம் கழிச்சு அந்தப் பக்கமா ஒரு காரியத்துக்குப் போனவன் கடைல எட்டிப் பாத்தன். சொல்லிக்காமத்தான் போனன், என்ற பொண்ணு கடை, அதுக்கென்ன. மாப்பிள்ள ஒரு லாரிக்குக் கீழ உக்காந்திருக்கறாரு, கைல அவரோட பழைய கன். துருப்புடிச்ச சனியன். நான் குடுத்தது எங்கன்னு பாத்தா, சாமி படத்துக்குப் பக்கத்துல பலகை மேல ஏத்தி வெச்சிருக்குது. பொட்டெல்லாம் வெச்சு, தூசி படாம ஒரு பிளாஸ்டிக் பையைக் கவுத்து. நான் இன்னும் சாவலீங்க தம்பி. நான் குடுத்ததைப் படத்துப் பக்கத்துல வெச்சுட்டாங்க.

இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. கன்னுல முடுக்குன நட்டை மறுக்கா ஒரு நீளமான ஸ்பேனரை வெச்சுக் கையால முடுக்கறாரு. அது 'டிக்'குனு ஒரு சத்தம் போடுது, உடனே நிறுத்திட்டு அடுத்த நட்டுக்குப் போறாரு. என்னங்க மாப்பிள்ள இதுன்னேன். "அளவுங்க மாமா. அதுக்கு மேல முடுக்கக் கூடாதுங்க. நாளைக்கு நடுவழில டிரைவரு தனியா நிப்பாரு, அவரு கையால கழட்டற மாதிரி இருக்கோணும்"ங்கறாரு. கழட்டறதுக்கு எதுக்கு முடுக்கறது? முடுக்குனா முடுக்குனதுதான். நானெல்லாம் பண்ணைக் கதவுக்குத் தாப்பாளு போட்டன்னா நானே தொறக்க முடியாது, வெல்டிங்காரனைக் கூப்புடோணும். அப்பிடி ஒரு புடி இருக்கோணும். இவரு என்னடான்னா 'டிக்'குங்கறாரு. அதப் பாக்கப் பாக்க எனக்கு எரிச்சலாயிருச்சு.

ஏன் என்ற மிசினை எடுக்கலைன்னு கேட்டன். நம்ம கம்ப்ரஸருக்கு அத்தன காத்து வராதுங்க மாமான்னாரு. அவ்வளவுதான? அடுத்த வாரமே ஒரு பெரிய கம்ப்ரஸரு வாங்கி டெம்போல ஏத்தித் தாட்டி உட்டன். யாரையும் கேக்கல. கேட்டா வேண்டாம்பாங்க. அது பாதிக் கொட்டாயை அடைச்சுக்கிச்சாமா, தாரணி உக்கார்ற மேசை நாக்காலியத் தூக்கி வெயில்ல போட்டுட்டாங்களாமா. போட்டா போட்டுக்கட்டும். அவ கடைல உக்காராம ஊட்ல இருக்கட்டும்னுதான் நானும் நெனச்சன். அவ என்னடான்னா கொடைய விரிச்சுக்கிட்டு வெளிய உக்காந்துக்கறா. முழுகாம இருக்கற பொண்ணு. அழுத்தம், அழுத்தம். யாரக் கொண்டு பொறந்துதோ தெரியல.

இருங்க, புதுச்சத்திரம் வந்துருச்சுங்களா? இல்ல, இது ஆண்டகளூர் கேட்டு. இன்னும் நேரம் இருக்குது.

அப்பறம் நடந்ததுதான் தம்பி, நெனச்சாலே எனக்கு வாயெல்லாம் கசக்குது. சகலை குடும்பத்தோட நாமக்கல்லு கோயிலுக்கு வந்தான். வந்தவன், "அந்த மிசினு எப்பிடி ஓடுது, பாக்கலாமா"ன்னு கேட்டான். கேக்கற கேள்வில நக்கலு. வாடான்னு நேராக் கடைக்கே கூட்டிட்டுப் போயிட்டன். நல்ல நேரத்துக்கு ஒரு லாரி நிக்குது. பழைய வண்டி, முட்டை லோடு, கேரளா போறது. எடது பக்கம் பின்சக்கரம் கழட்டோணும். டிரைவரு ஒரு ஒல்லி ஆளு, மாதேசுன்னு பேரு, பீடியோட நிக்கறான்.

மாப்பிள்ள பழைய கன்னை எடுத்துக்கிட்டு வந்தாரு. வெய்யுங்க அதைய அக்கட்டன்னேன். பலகை மேல இருந்து நானே எறக்குனன், நானே ஓஸை மாட்டுனன். சகலை பாத்துக்கிட்டிருக்கறான், அவன் பொண்டாட்டி போன்ல படம் புடிக்கறா. மாப்பிள்ள, "மாமா, நான் போடறனுங்க"ன்னு வந்தாரு. நீங்க நில்லுங்கன்னு சொல்லிட்டன். நட்டுல வெச்சன், கழட்டற பக்கம் விசையத் தள்ளுனன். எந்தப் பக்கம் திருப்புனா நட்டு கழலும்னு எனக்குத் தெரியாதா? தண்ணிக் கொழாயத் தொறக்காதவனா நானு? அமுத்துனன். அட சாமி, என்ன சத்தம், என்ன சத்தம். நெஞ்சுக்கூடு அதுருது. மாப்பிள்ள பக்கத்துல வந்து கையக் கைய ஆட்டி ஏதோ சொல்றாரு. எடது மரை எடது மரைங்கறாரு. அந்தச் சத்தத்துல யாருக்குங்க காது கேக்கும். காதுல உழுந்துது, ஆனா என்ன அர்த்தம்னு தெரியல.

படக்குனு ஒண்ணு ஒடிஞ்சுது. நட்டு மாட்டியிருக்கற மரைத் தண்டும் நட்டோட சேந்து கீழ உழுந்துது. சரி, இத்துப்போனதுன்னு அடுத்ததுக்குப் போனன். அதும் படக். மூணாவதும் படக். அப்பத்தான் மாப்பிள்ள ஓடிப்போயிக் காத்தை அடைச்சாரு.

என்னன்னு பாத்தா, பழைய வண்டிகள்ல எடது பக்கச் சக்கரத்துக்கு மட்டும் மரை தலைகீழா இருக்குமாம். நாம கழட்டறம்னு நெனச்சுத் திருப்புனா அது முடுகுமாம். எந்தப் பைத்தியக்காரன் கண்டுபுடிச்சான் அதைய? அதுக்கு அடையாளமா அந்தச் சக்கரத்து நடுவுல செவப்பு பெயிண்ட்ல ஒரு இழுவு இழுத்து வெப்பாராம் மாப்பிள்ள. நான் அதைய திருஷ்டிப் பொட்டுன்னு நெனச்சன். யாரா இருந்தாலும் அப்பிடித்தான் நெனப்பாங்க. தெரிஞ்ச மனுசன் முன்னாடியே சொல்லியிருக்கோணுமா இல்லையா?

அந்தப் பீடிக்காரன் ஆரம்பிச்சான் பாருங்க. முட்டை வெயில்ல கெடக்குது, வண்டி எப்பிடிப் போறது, யாருய்யா நீ, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வந்து வெளயாடறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதாங்கறான். என்னையங்க. பத்தாயிரம் கோழி வெச்சிருக்கறவனை. சகலை ஒரு பக்கமாத் திரும்பிக்கிட்டு மீசைக்குள்ள சிரிக்கறான். அவன் பொண்டாட்டி இன்னும் படம் புடிச்சுக்கிட்டே நிக்கறா. த்தூ, என்ன ஜென்மங்களோ.

அப்ப மாப்பிள்ள என்ன பண்ணியிருக்கோணும்? என்ற மாமனாரைப் பேசாதேன்னு அவன் சட்டையப் புடிச்சிருக்கோணும். இல்லீன்னா உன்ற வண்டி தண்டு இத்துப்போச்சுன்னாவது சொல்லியிருக்கோணும். ஒரு சின்னப் பொய், சொன்னா கொறைஞ்சா போயிருவாரு? இவரு போயி அந்தப் பீடிக்காரன் கையப் புடிச்சுக்கிட்டு, "தப்பு எங்களுதுங்கண்ணா, பொழுதுக்குள்ள மாத்திக் குடுத்தர்றன்"ங்கறாரு. எங்களுதுங்களாம். ஒரு டிரைவரு கையப் புடிச்சுக்கிட்டு. பாத்துக்கிட்டு நின்ன எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

அந்தக் கோவத்துல நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னன். "பஞ்சர் ஒட்டறவனுக்கு இந்த மிசினே அதிகம்டா"ன்னு சொன்னன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. 'டா' போட்டது ஒரு வேகத்துல வந்துது, வேணும்னு போடல. மாப்பிள்ள கீழ குனிஞ்சு ஒடிஞ்ச தண்டைப் பொறுக்கிக்கிட்டிருந்தாரு, நிமுந்துகூடப் பாக்கல. அவருக்கே அது பெருசாத் தெரியல பாத்துக்குங்க. தாரணிதான் கொடையக் கீழ போட்டுட்டு எந்திரிச்சு வந்தா. வயித்தப் புடிச்சுக்கிட்டு என்ற முன்னால நின்னா. "போங்கப்பா"ன்னா. அப்பிடின்னா என்னம்மான்னேன். "ஊட்டுக்குப் போங்கப்பா"ன்னா. சகலை பாத்துக்கிட்டு நிக்கறான். பெத்த பொண்ணு.

அன்னிக்கு இருந்து போன் பண்ணா எடுக்கறதில்ல. சம்பூரணம் பண்ணா மட்டும் எடுக்கறா. வளைகாப்புக்கு நான் போயி முன்வரிசைல உக்காந்திருந்தன், எல்லாரு கையாலயும் சந்தனம் பூசிக்கிட்டா, நான் கைய நீட்டுனன், நீட்டுன கைய அவ பாக்கவே இல்ல. அடுத்தவங்களுக்குப் போயிட்டா. அதுக்கும் மேல ஒரு குண்டு. பெரசவத்துக்கு வல்ல, இங்கயே மாமியாரு பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டாளாமா. சம்பூரணம் சோறு தண்ணி இல்லாமப் படுத்துக்கிட்டா. நானுந்தான். நான் படுக்கல, பண்ணைக்குப் போயிட்டன், ஆனாத் தூக்கம் இல்ல. அவ பொறந்தப்ப இருந்த தொட்டிலுக்கு வர்ணம் அடிச்சு வெச்சிருக்கறனுங்க. மேல ஊட்ல ரூமு, புதுசா ஃபேனு. ஃபேனைப் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கறன், சத்தம் வருதான்னு. கொழந்தைக்குச் சத்தம் ஆவாதில்லீங்க.

கடைசியா சம்பூரணம் அழுது பொலம்பி ஒரு வழியா அவளைச் சம்மதிக்க வெச்சா. அதுலயும் பொண்ணு கண்டிசன் போடறா. அப்பா வரட்டும், வந்து அவருகிட்ட ஒரு வார்த்தை பேசட்டும், நான் கெளம்பி வர்றன். ஆனா ஒண்ணும் வாங்கிக்கிட்டு வரக் கூடாது. வெறுங்கையோட வரட்டும். அப்பிடிங்கறா.

வெறுங்கையோட யாருங்க பொண்ணு ஊட்டுக்குப் போவாங்க? எழவு ஊட்டுக்குத்தான் வெறுங்கையோட போறது. அதும் நெறைமாசக்காரி நிக்கற ஊட்டுக்கு. ஒரு வார்த்தை பேசட்டும்ங்கறா, என்ன வார்த்தைங்க பேசறது? போயி நின்னுக்கிட்டு வாயத் தொறந்தா அங்க என்ன வரும்னு எனக்கே தெரியல. சாமானாயிருந்தாக் குடுத்துட்டு நிக்கலாம். சாமான் பேசிக்கும்.

அதுனால யோசிச்சன். ராத்திரியெல்லாம் யோசிச்சன் தம்பி. அவரு மொதல்ல கேட்டது என்ன? பேட்டரி. சரி, பேட்டரியே வாங்கிக் குடுத்துருவோம். நான் எறங்கி வந்துட்டன் பாத்துக்குங்க. என்ற வயசுக்கு, என்ற நெலைமைக்கு, மாப்பிள்ள வார்த்தைய ஏத்துக்கிட்டுப் பேட்டரிக்கு வந்துட்டன். இதவிட ஒரு மாமனாரு என்ன பண்ணுவான்?

அதே கடைக்குத்தான் போனன். அந்த மேதாவி என்னைய அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு, "பழசு எப்பிடிங்க ஓடுது"ங்கறான். பேட்டரி கன் எடுன்னேன். முக்கா இஞ்சுல ஒண்ணு எடுத்து வெச்சான். கைக்கு அடக்கமா, ஒத்தக் கைல தூக்கலாம். லாரிக்கு இது போதுமுங்க, கழட்டறதுக்கு இது, முடுக்கறதைக் கையால முடிச்சுக்கோணும்னு சொன்னான். அவனும் 'டிக்' கோஷ்டி போல. எனக்கு அதப் பாக்கவே புடிக்கல. பேட்டரிலயே எது பெருசுன்னேன். இருந்துது. ஒரு இஞ்சு, நீள மூக்கு, ரெண்டு கைப்புடி, நாலு பேட்டரி, பொட்டியோட சேத்து நீங்களே பாக்கறீங்களே. இதைய பைக்குல எப்பிடி எடுத்துட்டுப் போறதுன்னு அவன் கேட்டான். பைக்கு எதுக்கு, அடுத்த தடவ ஒரு வேன் வாங்கிக் குடுத்துக்கறன்னேன். பில்லைப் போட்டுட்டான்.

புதுச்சத்திரம் போயிருச்சுங்களா? அப்ப அடுத்ததுதான். கண்டக்டரு, அந்த டைருக் கடைகிட்ட நிறுத்துப்பா, முன்னாலயே சொல்லிட்டன்.

அதோ பாருங்க தம்பி, சன்னல்ல. வெள்ளைக் கார் நிக்குதில்ல, அது நம்ம காருதான். அந்தப் பச்சைச் சேலை சம்பூரணம். பக்கத்துல, பாருங்க, பாருங்க, தாரணி. பையெல்லாம் கீழ வெச்சிருக்கறா. கெளம்பி வந்து ரோட்டுலயே நிக்கறா. நான் சொன்னன்ல? பூ வெச்சிருக்கறா. மொகம் பூசுன மாதிரி இருக்குது, எங்கம்மாளாட்டமே. பஸ்ஸையேதான் பாக்கறா. அப்பனைத்தான் தேடறா. எனக்கு இதப் பாக்கறதுக்குத்தானுங்க...

சரி, எந்திரிங்க. நீங்க இந்தப் பக்கம் ஒரு கை புடிங்க, படிக்கட்டு வரைக்கும் போதும். மெதுவா. நான் மொதல்ல எறங்கிக்கறன். ஏப்பா விசிலடிக்காத, கனமா இருக்குது தெரியுதில்ல. மாப்பிள்ள ஓடியாராரு பாருங்க, பொட்டிய வாங்கறதுக்கு. வாங்க மாப்பிள்ள, புடிங்க, பாத்து, கால்ல போட்டுக்காதீங்க. நல்லா இருக்கறீங்களா.

அவ எதுக்குப் பையத் தூக்கறா? கார் அந்தப் பக்கமில்ல நிக்குது. சம்பூரணம், அவ எங்க போறா? கடைக்குள்ளாற எதையாவது மறந்துட்டு வந்தாளா? சொல்லு, ஏன் நீ அழுவற? தாரணி. ஏ தாரணி, இரும்மா. சித்த நில்லு, திரும்பிப் பாரு. பேட்டரிதாம்மா இது. மாப்பிள்ள கேட்டதுதாம்மா வாங்கியாந்திருக்கறன். பேட்டரிதாம்மா.